தம்பியின் மூக்கில் விட்ட மருந்து

என்னோடு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்தவர்களே, போன வாரம் நம் வாட்சப் குழுவில் ஒரு சிரிப்பு ஓடியதே, அதைப் பற்றித்தான் இது. ஒருவர் நம் தோட்டத்து ஆயாக் கொட்டகையின் பழைய படத்தைப் போட்டார். கீழே இன்னொருவர், "அபின் ஆயா இன்னும் உசுரோட இருக்காங்களாம். யோங் பெங்ல மக வீட்ல" என்று எழுதினார். உடனே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை. "அலமாக், நாமல்லாம் தப்பிச்சோம்லா" என்று ஒரு குரல் பதிவு வேறு. நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். அரை மணி நேரம் கழித்து அதை அழித்தேன். யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இது நீளமாகப் போகும். கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டுவிட்டுக் காலை வணக்கப் பூக்களை அனுப்பத் தொடங்கினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நாம் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்து மழைக்காலம் அது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விடுவார்கள், உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் அந்தத் தூளிகளில் மூத்திரம் பெய்து வளர்ந்தவர்கள். அம்மாவும் அப்பாவும் இருட்டோடு பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்காட்டுக்குப் போய்விடுவார்கள். தம்பியை எழுப்பி, துடைத்து, சாரோங்கில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குக் கொண்டுபோவது என் வேலை. அவனுக்கு அப்போது ஆறு மாதம். பூசணிக்காய் கனம். இன்றைக்கும் என் இடது இடுப்பு வலிக்கும்போது அவன் பேரைச் சொல்லித்தான் திட்டுவேன்.

கொட்டகை வாசலில் ஆயா நிற்பார். வயது முப்பதுகூட இருக்காது. புருஷன் இல்லை, நாலு வயசில் ஒரு பெண் பிள்ளை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. அந்தச் சின்ன வயசுக்காரியை ஊரே ஆயா என்றுதான் கூப்பிட்டது. பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்வார். குனிந்து அதன் மூக்குக்குப் பக்கத்தில் தன் காதை வைத்துக் கேட்பார். மூச்சு சுத்தமாக வந்தால் உள்ளே. குர்ர் என்று சத்தம் வந்தால் வீட்டுக்கு. அதற்கு முந்தின மழையில் ஒரு பிள்ளையின் சளி எல்லாப் பிள்ளைக்கும் ஒட்டி, இரண்டு பிள்ளைகளை மார்ச்சளியோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதிலிருந்து தோட்டத்து மருந்தகத்து டிரசர் போட்ட சட்டம் அது.

திருப்பி அனுப்பினால் யார் வீட்டில் இருப்பது? அம்மா ஏற்கெனவே நிறைய நாள் வேலைக்குப் போகாமல் மேற்பார்வை மண்டோரிடம் ஏச்சு வாங்கியிருந்தார். ஆகவே நான்தான். அந்த மழையில் பள்ளிக்கூடத்தை எத்தனை நாள் கோட்டை விட்டேன் என்று எனக்குக் கணக்கே இல்லை. லயத்து வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே தகரத்தில் மழை கொட்ட, உள்ளே அவன் குர்ர் குர்ர் என்று மூச்சு விட, நான் தூளியை ஆட்டிக்கொண்டே அழுவேன். ஆயா மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு நாள்பட்ட மூக்கடைப்பு. டவுனில் சீனர் மருந்துக் கடையில் வாங்கின சொட்டு மருந்து ஒன்று எப்போதும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும். தவிட்டு நிறத்தில் சின்னக் கண்ணாடிப் புட்டி. மூடியிலேயே கண்ணாடிக் குழல், அதன் தலையில் சிவப்பு ரப்பர் குமிழ். அமுக்கினால் பிசுக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அப்பா இல்லாத நேரத்தில் வெறுமனே அமுக்கிப் பார்ப்பேன். ஒரு நாள் விடிகாலையில் அம்மா அதை எடுத்து, தம்பியின் மூக்கில் ஒரு பக்கத்துக்கு ஒரு சொட்டு விட்டார். "அப்பாகிட்ட சொல்லாத. ஆயாகிட்டயும் சொல்லாத" என்றார். நான் கொட்டகைக்குப் போய்ச் சேருவதற்குள் மூக்கு பளிச்சென்று திறந்துவிட்டது. ஆயா காதை வைத்துக் கேட்டார். "ஆ, இன்னிக்கு ராசா நல்லாருக்கான்" என்று வாங்கிக்கொண்டார். எனக்கு ஏதோ மந்திரம் கற்றுக்கொண்ட மாதிரி இருந்தது.

அம்மா அதை இரண்டு மூன்று தடவைக்கு மேல் செய்யவில்லை. அப்புறம் அவசரத்தில் அந்த வேலை என் கைக்கு வந்துவிட்டது. "ஒரு சொட்டு. ஒன்னே ஒன்னு" என்று விரலைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் போவார். நானும் ஒரு சொட்டுதான் விட்டேன். ஆனால் ஒரு நாள் பாதி வழியிலேயே மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. கொட்டகை வாசலில் குர்ர். ஆயா தலையை ஆட்டிவிட்டார். அன்றைக்கும் பள்ளிக்கூடம் போச்சு.

அதற்கு அடுத்த நாள்தான் நம்மை லாரியில் ஏற்றி ஜோகூர் பாரு மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போன நாள். மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு வாரமாக அதே பேச்சு. நான் கேன்வாஸ் சப்பாத்துக்கு வெள்ளை அடித்து அடுப்பு மேட்டில் காய வைத்திருந்தேன். அது வரைக்கும் நான் யோங் பெங்கைத் தாண்டிப் போனதில்லை. கடலே பார்த்ததில்லை.

விடிகாலையில் தம்பியின் மூக்கு அடைத்துக்கொண்டு கிடந்தது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நான் புட்டியை எடுத்தேன். ஒரு சொட்டு போதாது என்று எனக்கு முந்தின நாளே தெரிந்துவிட்டது. குழல் நிறைய இழுத்து இந்தப் பக்கம் பிசுக். மறுபடி இழுத்து அந்தப் பக்கம் பிசுக். அவன் முகத்தைச் சுளித்து, விழுங்கி, தும்மினான். சரியாக இறங்கவில்லையோ என்று இன்னொரு தடவை இரண்டு பக்கமும் விட்டேன். நாலு குழல். அப்பாவே ஒரு தடவைக்கு இரண்டு சொட்டுதான் விட்டுக்கொள்வார். புட்டியில் குறைந்தது தெரியக்கூடாது என்று தண்ணீர் ஊற்றி வைத்தேன். பத்து வயசுப் பெண்ணுக்கு அந்தப் புத்தி இருந்தது பாருங்கள்.

ஆயா காதை வைத்துக் கேட்டார். மூச்சு சுத்தம். "இன்னிக்கு எங்க, சப்பாத்தெல்லாம் பளபளங்குது?" என்று கேட்டார். "சூ பாக்கப் போறோம் ஆயா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "பத்திரமாப் போய்ட்டு வா புள்ள" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

அந்த நாள் முழுக்க நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒட்டகத்தைப் பார்த்து வாத்தியார் மாதிரி இருக்கிறது என்று சொல்லிக் குட்டு வாங்கியது நான்தான். கடலைப் பார்த்தோம். அந்தப் பக்கம் சிங்கப்பூர் என்று காட்டினார்கள். பின்னாளில் முப்பது வருஷம் தினமும் நடுவே இருந்த பாலத்தைத் தாண்டித் தொழிற்சாலைக்குப் போய் வருவேன் என்று அப்போது தெரியாது. தம்பியை அன்றைக்கு ஒரு தடவைகூட நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு தடவைகூட.

மூன்றரை மணிக்கு லாரி திரும்பி வந்தபோது கொட்டகைக்கு முன்னால் கூட்டம். நடந்ததை ஒவ்வொருவர் வாயிலிருந்தும் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். தம்பி காலையிலிருந்து தூங்கிக்கொண்டே இருந்திருக்கிறான். பாலுக்கு எழுப்பினால் எழவில்லை. கை கால் சில்லிட்டு, முகம் வெளுத்து, தலை துவண்டு விழுந்திருக்கிறது. வாயுவோ என்று நினைத்து ஆயா அரைக் கரண்டி ஓமத்தண்ணீர் நாக்கில் விட்டிருக்கிறார். அதற்கப்புறம் மூச்சு இன்னும் மெதுவாகப் போயிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மருந்தகத்துக்கு ஓடியிருக்கிறார். டிரசர் தம்பியின் இமையை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தாராம். கண்மணி ஊசி முனை மாதிரி சுருங்கியிருந்ததாம்.

"இது அபின்தான். என்னத்த குடுத்த?" என்று கேட்டாராம்.

அந்தக் காலத்தில் எங்கோ ஒரு தோட்டத்தில் ஓர் ஆயா பிள்ளைகள் தூங்குவதற்காக நகக்கண்ணில் அபின் வைத்துச் சப்பக் கொடுத்தாள் என்று கதை உலவிக்கொண்டிருந்தது. எல்லாரும் கேட்ட கதை, யாரும் பார்த்ததில்லை. நம் ஆயா பயந்துபோய், கொட்டகைக்குத் திரும்பி வந்து ஓமத்தண்ணீர் புட்டியைச் சாக்கடையில் வீசியிருக்கிறார். அதை இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், முடிந்தது. தப்புச் செய்யாதவள் எதற்குப் புட்டியை வீச வேண்டும் என்று கேட்டார்கள்.

தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மாவும் கூடப் போய்விட்டார். சாயங்காலம் டிரசர் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் கேட்டார், "வீட்ல வேற மருந்து எதாச்சும் குடுத்தீங்களா?" அப்பாவுக்கு எதுவுமே தெரியாது. "இல்லைங்க" என்றார். டிரசர் என் பக்கம் திரும்பினார். "நீதான காலையில தூக்கிட்டு வந்த? எதாச்சும் குடுத்தியா?" நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று. வெள்ளைச் சப்பாத்தைக்கூட இன்னும் கழற்றவில்லை. எனக்கு என்ன பயம் என்றால், தம்பி செத்துப்போவான் என்ற பயம் பாதி, போலீஸ் பயம் பாதி.

தம்பி சாகவில்லை. மறுநாள் கண்ணைத் திறந்து பசிக்கு அலறினானாம். இப்போது அவனுக்கு மூன்று பிள்ளைகள், சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறான், குறட்டை விட்டால் கூரை அதிரும். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்னைத் தனியே இழுத்துப்போய், "அன்னிக்கு எத்தன சொட்டு விட்ட?" என்று கேட்டார். "ஒன்னுதாம்மா" என்றேன். "மூக்கு மருந்து பத்தி வாயத் தொறக்காத" என்றார். புட்டியைக் காணோம், எங்கே போட்டாரோ. அம்மாவைச் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. அவருக்குத் தெரிந்தது ஒரு சொட்டு. நாலு குழல் எனக்குத்தான் தெரியும்.

அந்த வாரமே ஆபீஸ் கிராணி, துரையின் உத்தரவு என்று சொல்லி ஆயாவை வேலையிலிருந்து நீக்கினார். லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு தகரப் பெட்டி, பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, மாதா படம். லாரியில் ஏறும்போது பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். நம்மில் சில பையன்கள் "அபின் ஆயா! அபின் ஆயா!" என்று பின்னாலேயே ஓடினீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் வாசலில் நின்று பார்த்தேன். கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் அவர், "தம்பி நல்லாருக்கானா புள்ள?" என்று கேட்டார். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

கொஞ்ச நாளில் நானே அபின் கதையை நம்பத் தொடங்கிவிட்டேன். டிரசரே சொல்லியிருக்கிறார், அப்புறம் என்ன. மூக்கில் விடுகிற மருந்து ஆளைத் தூங்கவைக்குமா? அப்பா ஒரு நாளும் தூங்கி விழவில்லையே. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்துக்கொண்டேன்.

என் மூத்த மகள் பிறந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. அவளுக்கு மூக்கடைப்பு. கிளினிக்கில் நர்ஸிடம், பெரியவர்கள் விடும் சொட்டு மருந்தைக் கொஞ்சமாக விடலாமா என்று கேட்டேன். அந்தப் பெண் பதறிவிட்டாள். "ஐயோ, கூடவே கூடாதுக்கா! கைப்பிள்ளைக்கு அது விஷம் மாதிரி. தூங்கிட்டே போயிரும். உடம்பு சில்லுன்னு ஆகி, நாடி எறங்கி, கண்மணி சுருங்கிரும். அபின் சாப்பிட்ட மாதிரியே இருக்கும், டாக்டருங்களே ஏமாந்திருவாங்க" என்றாள்.

ஆக, இருபத்தேழு வயசில் எனக்கு எல்லாம் தெரியும். இப்போது அறுபத்தைந்து. இடையில் நான் எதுவும் செய்யவில்லை. ஆயா எங்கே இருக்கிறாரோ, செத்தாரோ பிழைத்தாரோ, யாரைப் போய்க் கேட்பது என்று சொல்லிக்கொண்டேன். கேட்டிருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கும். உங்களில் ஒருவருக்கு எப்படித் தெரிந்தது?

மூன்று நாளைக்கு முன் விலாசம் வாங்கிக்கொண்டு யோங் பெங் போனேன். ஜோகூர் பாருவிலிருந்து நெடுஞ்சாலையில் ஒன்றேகால் மணி நேரம். ஒரு பழைய தாமான் குடியிருப்பில் கடைசி வீடு. ஆயாவின் மகள் கதவைத் திறந்தார். அன்றைக்கு நாலு வயசுப் பிள்ளை, இன்றைக்கு நரைத்த தலை. தோட்டத்துப் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. ஆனாலும் உட்காரச் சொல்லி, மைலோ கலக்கிக் கொடுத்தார்.

ஆயா உள்ளறையில் படுத்திருந்தார். அவர் எழுந்து முகம் கழுவி வருவதற்குள் மகள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அங்கேருந்து வந்து பெக்கான் நானாஸ்ல அன்னாசி ஃபேக்டரில வேல செஞ்சாங்கக்கா. கையெல்லாம் புண்ணு. எங்க பிள்ளைங்கள ஒரு நாளும் தூக்க மாட்டாங்க. இந்தக் கை ஆகாதும்பாங்க. பிள்ளைக்கு மருந்து குடுக்கற நேரம் வந்தா வீட்ட விட்டே வெளிய போயிருவாங்க."

ஆயா வந்து உட்கார்ந்தார். உருவம் பாதியாகச் சுருங்கியிருந்தது, காது மட்டும் நன்றாகக் கேட்டது. நான் யார் என்று சொன்னேன். "அந்தத் தம்பி?" என்று உடனே கேட்டார். "நல்லாருக்கான் ஆயா." கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஓமத்தண்ணி கெட்டுப்போயிருக்கும்னு எனக்குத் தெரியல புள்ள" என்றார். "மோந்து பாத்துருக்கணும். அவசரத்துல பாக்கல. அபின்லாம் நான் கண்ணால பாத்ததில்ல. ஆனா அந்த ஓமத்தண்ணி நான் குடுத்ததுதான். ஒவ்வொரு தவக்காலத்துக்கும் சாமியார்கிட்ட இத சொல்லித்தான் பாவமன்னிப்பு கேக்கறேன். போன வருஷங்கூடச் சொன்னேன். சாமியார் பேஜாராயி, மறுபடியும் மறுபடியும் இதையே சொல்லாதீங்கம்மான்னாரு."

அத்தனை வருஷமாக அவர் ஊர் மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். என்னைத் திட்டுவதற்கு ஒரு மனுஷி காத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னேன். மூக்கு மருந்து, மிருகக்காட்சிசாலை, நாலு குழல், தண்ணீர் ஊற்றி வைத்தது, டிரசரிடம் தலையை ஆட்டியது, நர்ஸ் சொன்னது, எல்லாம். அழுதுகொண்டே சொன்னதால் பாதி புரிந்திருக்காது. முடிந்ததும் ஆயா, "நாலு குழலா?" என்று கேட்டார்.

"நாலு."

"ஓமத்தண்ணிக்கு முன்னாலயே?"

"விடிகாலையிலேயே ஆயா."

"அப்ப நான் இல்ல?"

"நீங்க இல்ல ஆயா. நான்தான்."

அவர் அழுவார், அடிப்பார், இல்லை தலையைத் தடவி 'போ புள்ள' என்பார் என்று காரில் வரும்போதே எல்லாவற்றையும் கற்பனை செய்திருந்தேன். அவர் சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டார். "ஏ, இங்க வா! நான் இல்லையாண்டி!" மகள் ஓடி வந்தார். ஆயா என்னைக் கை காட்டினார். "இவகிட்டயும் சொல்லு. மொதல்லருந்து சொல்லு."

சொன்னேன். மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்தார். அவர் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள், "இவர்கிட்டயும் சொல்லு" என்றார் ஆயா. அவருக்கும் சொன்னேன். பேரன் ஒருவன் பினாங்கில் இருக்கிறான், அவனை வீடியோ காலில் கூப்பிட்டு அவனுக்கும் சொல்லவைத்தார். நாலாவது தடவை சொல்லும்போது எனக்கு அழுகை நின்றுபோயிருந்தது. சரி, எழுந்து போகலாம் என்று வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினேன். ஆயாவும் சுவரைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார்.

எல்லாரும் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா வேலியோரத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். ஆயா அவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "இவங்களுக்கும் சொல்லு. இருபது வருஷமா பக்கத்துல இருக்காங்க, அவங்க பேரப்புள்ளய நான் ஒரு தடவ தொட்டதில்ல. ஏன்னு தெரியட்டும்."

"சாயா யாங் பெரி உபாட் இத்து, மக்சிக். புக்கான் டியா" என்று தொடங்கினேன். மருந்தைக் கொடுத்தது நான்தான், இவர் இல்லை. மீதியையும் சொன்னேன். மலாயில் சொல்லும்போது சுருக்கமாக முடிந்துவிட்டது. மக்சிக் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார். அப்புறம் மெதுவாக, "கெனாப்பா தாக் சாக்காப் டுலு?" என்றார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று.

"கேக்கறாங்கல்ல" என்றார் ஆயா. "சொல்லு."

"பயம் ஆயா. பத்து வயசு."

"சரி. பத்து வயசுல பயம். அப்புறம்?"

செருப்பு ஒரு காலில் இருந்தது. இன்னொரு காலுக்குத் தேடிக்கொண்டிருந்தேன். ஆயா நகரவில்லை.

"அப்புறம் எனக்கு அது சௌகரியமா இருந்துச்சு ஆயா" என்றேன்.

ஆயா மக்சிக்கின் பக்கம் திரும்பி, அதை மலாயில் சொன்னார்.